ஒரு நாளைக்குப் பதினோரு குழந்தைகள்

பழனாத்தாளிடம் குழந்தையை விட வருகிறவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு என்ன வயது, என்ன சாப்பிடும் என்பதெல்லாம் அப்புறம். "இதுக்கு மூத்தது பொண்ணு இருக்குதுங்களா? எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது?" என்பதுதான் அந்தக் கேள்வி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டோம் என்று யாராவது இழுத்தால் போதும், வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்துவிடுவாள். "பெரியதை நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேர்த்துப்போட்டு வாங்க, சின்னதை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் எங்கூட்டுல இடமில்லீங்க" என்பாள். இடமெல்லாம் நிறைய இருக்கும். வந்தவர்களும் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இரண்டு நாள் கழித்து, பெரியதைச் சேர்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். வேறு எங்கே போவது?

பொங்கலூர்ப் பக்கத்துக்காரி அவள். எண்பத்தொன்றில் மருதாசலத்தைக் கட்டிக்கொண்டு திருப்பூர் வந்தாள். அவன் பனியனுக்கு இஸ்திரி போடுகிற அயர்ன் மாஸ்டர். அவள் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனாள். டெய்லருக்குப் பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்துத் தள்ளியதை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை. மகள் சாமியாத்தாள் பிறந்து மூன்றாவது மாதமே மீண்டும் போனாள். குழந்தை அட்டைப்பெட்டியில் படுத்திருக்கும், பெட்டி தையல் மேசைக்கு அடியில் இருக்கும். முதலாளி நல்ல மனுஷர், பெட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். ஆனால் மேலேயிருந்து உதிர்கிற பஞ்சுத் தூசிக்கு அந்த நல்ல மனசு ஏது? எட்டாம் மாதம் குழந்தைக்கு இழுப்பு வந்தது. பழனாத்தாள் வேலையை விட்டாள். விட்ட மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையைக் கொண்டுவந்து பாயில் உட்கார வைத்துவிட்டு, "சாயங்காலம் வந்தர்றேங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுத்த மாதம் நான்கு பிள்ளைகள் ஆயின. அப்படி ஆரம்பித்ததுதான்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டுக்காரர்களின் வாழ்க்கை அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஏற்றுமதி எப்படி நடக்கிறது என்று பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் ஊரில் உண்டு. பழனாத்தாளுக்குப் பாயைப் பார்த்தாலே போதும். தை, மாசி, பங்குனியில் கோடைச் சரக்கு கப்பலேறுகிற சமயம், ஒன்றரை ஷிப்டு ஓடும், பாயில் இருபது உருப்படி இருக்கும். ஆடியில் ஆர்டர் படுத்துவிடும், அம்மாக்கள் வீட்டிலிருப்பார்கள், ஆறு பிள்ளைகூடத் தேறாது. தீபாவளி போனஸ் வாங்கியதும் மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். சுற்றுவட்டத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறவர்களுக்கு ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஊரை விட்டு வந்து லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்குத்தான் யாருமில்லை. இன்னும் சில பேர் வீட்டில் புருஷன் ராத்திரி நிட்டிங் மிஷின் ஓட்டிவிட்டு வந்து, பகலில் பிள்ளைக்குக் காவல் இருப்பான். காவல் என்றால் குறட்டைதான். அந்தப் பிள்ளைகள் பத்து மணிக்கெல்லாம் கதவைத் திறந்துகொண்டு தாமாகவே பழனாத்தாள் வீட்டுக்கு வந்துவிடும். அவற்றை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை, சோற்றில் மட்டும் சேர்த்துக்கொள்வாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதம் அவளிடம் பத்தொன்பது பிள்ளைகள். அதில் பதினொன்றின் அம்மாக்கள் ஒரே கம்பெனி. லைன் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. அந்தப் பதினொன்றில் ஆகச் சிறியவன் அக்பர், நான்கு மாதக் குழந்தை. அவனுடைய அம்மா குல்சார் பேகம் அங்கே செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்து ஒதுக்குகிற வேலை. அவள் புருஷன் பக்கீர் முகமது சாயப்பட்டறைக்குப் போய்வந்தான், அதுவும் வாரத்தில் மூன்று நாள் இருந்தால் அதிகம். பிழைப்பைத் தேடித் தாராபுரத்திலிருந்து வந்தவர்கள்.

இந்த அக்பர் அம்மாவிடம் தவிர வேறு எதிலும் பால் குடிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தான். புட்டியைக் கொடுத்தால் துப்பினான். பாலாடையைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொண்டான். பசும்பால், ஆட்டுப்பால், மாவுப்பால் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்தொன்பது பிள்ளைகளை மேய்க்கிற பழனாத்தாள் இந்த ஒன்றிடம் தோற்றுப்போனாள். அது அவளுக்குப் பெரிய அவமானம்.

கம்பெனியில் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, அரை மணி நேரம். போக கால் மணி, வர கால் மணி. அப்புறம் பால் எப்போது கொடுப்பது? குல்சார் ஓடி வருவாள். மூச்சு வாங்க வாங்கக் குழந்தையை எடுத்து அணைப்பாள், ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, குடித்துக்கொண்டிருக்கிற வாயைப் பிரித்துவிட்டு மறுபடி ஓடுவாள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை கேட் மூடிவிட்டது. அரை நாள் சம்பளம் போனதோடு சூப்பர்வைசரின் வாயும் சேர்ந்துகொண்டது. குழந்தையோ எடை ஏறாமல் அப்படியே நின்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குல்சார் குழந்தையை வாங்க வந்தபோது சொன்னாள். "சனிக்கிழமையோட நின்னுக்கறேங்க்கா. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன்."

"நின்னுட்டு?"

"தாராபுரத்துக்கே போறோமுங்க. அவரு ஒருத்தரு சம்பளத்துல இங்க வாடகை கொடுத்து இருக்க முடியாதுங்க்கா."

பழனாத்தாளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. குல்சார் மேல் அல்ல. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை, அதனால் கையில் இருந்த சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். தாராபுரத்தில் வேலை இருந்திருந்தால் இவர்கள் ஏன் இங்கே வரப்போகிறார்கள்?

புதன்கிழமை காலையில் லைன் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் அதே கம்பெனியின் மேனேஜர் லிங்கசாமி. முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், எப்போதும் அவசரத்தில் இருக்கிற ஆள்.

"ஏனுங்கக்கா, உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"சொல்லுங்க மேனேஜர்."

"குழந்தைக வேணுமுங்க."

"எத்தனை வேணும்?" என்று கேட்டாள் பழனாத்தாள், தக்காளி விற்கிறவளைப் போல.

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் அம்மா ஒருத்தி நாளைக்கு வருகிறாள். பெரிய ஆர்டர். பெண்கள் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்கு அறை இருக்கிறதா என்று அவள் பார்ப்பாளாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கம்பெனியில் அறை இருக்கத்தான் செய்தது. 'குழந்தைகள் காப்பகம்' என்று கதவுக்கு மேலே பெயர்கூட எழுதியிருந்தார்கள். உள்ளே கூரை முட்ட அட்டைப்பெட்டி. இப்போது பெட்டிகளை வெளியே எடுத்து, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. குழந்தைகள் மட்டும்தான் பாக்கி.

"ஒரே ஒரு நாளைக்குப் போதுமுங்க. எங்க ஆளுங்க குழந்தைகதானே பாதி உங்ககிட்ட இருக்குது. வேன் அனுப்பறேன். கூடவே நீங்களும் வரோணும். ரொம்ப நாளா அங்கதான் இருக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

வாடகைக்குச் சைக்கிள் கேட்பார்கள், பந்தல் சாமான் கேட்பார்கள். குழந்தைகளை வாடகைக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை. பழனாத்தாளுக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் சிரிப்பு. துரத்திவிட்டிருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்து உள்ளே அக்பர் அழுதான், அவள் யோசித்தாள்.

"வர்றேன். ஆனா ஒண்ணு. பத்து மணி டீக்கும், மதியத்துக்கும், நாலு மணி டீக்கும் அம்மாக்காரிகளை ரூம்புக்கு விடோணும். பால் குடுக்கற குழந்தைக இருக்குது."

"தாராளமாங்க. அதுவும் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றான் லிங்கசாமி.

அன்று சாயங்காலமே அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நல்ல அறை. இரண்டு ஜன்னல், ஃபேன், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். கூரை இரும்பில் ஆறு தொட்டில் கட்டியிருந்தார்கள், கம்பெனியில் ஓடிய புத்தம்புது பனியன் துணியில். சந்தன நிறம், பஞ்சு மாதிரி மெத்து.

பழனாத்தாள் ஒரு தொட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "இது பனியன் துணிங்க. வேண்டாம்."

"அக்கா, இது எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க. மூணு தடவ துவைச்சு டெஸ்ட் பண்ணியிருக்குது. ஒரு இஞ்சுகூடச் சுருங்காதுங்க."

"சுருங்காதுங்க, சரி" என்றாள். இருபது வருஷமாகப் பனியனிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி பேசுகிற ஆளிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? அவளும் முதல் வருஷம் அதே தவறைச் செய்தவள்தான். வீட்டுக்கு வந்ததும் பதினோரு அம்மாக்களிடமும் ஆளுக்கொரு பழைய நூல் சேலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வேன் வந்தது. மற்ற எட்டுப் பிள்ளைகளையும் எதிர்வீட்டு ஞானாம்பாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பதினோரு பிள்ளைகள் அறைக்குள் போயின. கைக்குழந்தைகள் ஆறும் தொட்டிலில். லிங்கசாமி பூப்போட்ட பாய் வாங்கியிருந்தான், பந்து வாங்கியிருந்தான், சுவரில் யானைப் படம் ஒட்டியிருந்தான். அவன் முகத்தில் கல்யாண வீட்டுக்காரன் களை.

ஒன்பது மணிக்கு முதல் தொட்டில் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. பனியன் துணி சுருங்கவில்லை, மேனேஜர் சொன்னது சத்தியம். அது நீண்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விரற்கடை நீண்டு, ஒன்பதரை ஆவதற்குள் ஆறு குழந்தைகளும் தொட்டிலோடு தரையில் உட்கார்ந்திருந்தன. எட்டிப் பார்த்த லிங்கசாமிக்கு வியர்த்துவிட்டது. கயிற்றைச் சுருக்கிக் கட்டச் சொன்னான், மேலும் நீண்டது. இரட்டையாக மடித்துப் போடச் சொன்னான், இரட்டையாக நீண்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் பனியன் அனுப்புகிற கம்பெனியில் ஒரு குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி வைக்கத் துணி இல்லை.

"அக்கா, பதினொரு மணிக்கு அந்தம்மா வந்துருவாங்கக்கா!"

"செத்த தள்ளி நில்லுங்க மேனேஜர்" என்றாள் பழனாத்தாள். பையைத் திறந்தாள். பனியன் துணி ஆறையும் அவிழ்த்து மூலையில் போட்டுவிட்டு, அந்தந்தக் குழந்தைக்கு அதனதன் அம்மாவின் சேலையில் தூளி கட்டினாள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அம்மா வாசம் அடித்ததும் இரண்டு குழந்தைகள் உடனே தூங்கிவிட்டன. லிங்கசாமி அவளைப் பார்த்த பார்வையில் அன்றுதான் முதன்முதலாக மரியாதை இருந்தது.

அதற்குள் டீக்கு மணி அடித்தது. அம்மாக்கள் வந்தார்கள். குல்சார் கதவருகே வந்து நின்றாள், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல். "என்ன அம்மிணி வேடிக்கை? உக்காரு" என்று அதட்டி உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்தாள் பழனாத்தாள். ஓடி வந்த மூச்சிரைப்பு இல்லை. கேட்டைப் பற்றிய பயம் இல்லை. முப்பது அடி நடந்து வந்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். அக்பர் குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். வயிறு நிறைந்து, தானாகவே வாயை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பகல் வேளையில் அவன் தானாக வாயெடுத்து அதுவரை இருவரும் பார்த்ததில்லை. குல்சார் அழுதுவிட்டாள்.

பழனாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாமியாத்தாள் கைக்குழந்தையாக இருந்தபோது மேசைக்கடியிலிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்கும், டெய்லர் பீஸுக்குக் கை நீட்டுவான், இவளுக்கு ரவிக்கை நனையும். கழிவுத் துணியை உள்ளே அடக்கிக்கொண்டு நிற்பாள். நாலாம் மாதமே பால் வற்றிவிட்டது. இவ்வளவுதானா, ஒரு அறையும் கால் மணி நேரமும் இருந்தால் போதுமா என்று இப்போது நினைத்தபோது அவளுக்குத் துக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பையர் அம்மா பதினொன்றேகாலுக்கு வந்தாள். நெட்டையான வெள்ளைக்காரி, தலை பாதி நரைத்தவள். கூடவே சென்னை ஏஜென்ட் பையன் ஒருவன் மொழிபெயர்க்க. பின்னால் முதலாளி ஆறுச்சாமி. கட்டிங் மாஸ்டராக இருந்து முதலாளி ஆனவர், கத்தரி பிடித்த காய்ப்பு இன்னும் விரலில் இருந்தது. வந்தவள் சும்மா தலையாட்டிவிட்டுப் போகவில்லை. தூளியைத் தொட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் பந்தை உருட்டினாள். பிறகு பழனாத்தாளைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"நீங்க எத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறீங்கன்னு கேக்கறாங்க" என்றான் ஏஜென்ட்.

லிங்கசாமி பின்னாலிருந்து மூன்று விரலைக் காட்டினான்.

பழனாத்தாளுக்கு நிலவரம் தெளிவாகவே தெரிந்தது. மூன்று வருஷம் என்று சொன்னால் ஆர்டர் கிடைக்கும், நாளைக்கு இந்த அறையில் பெட்டி ஏறும், சனிக்கிழமை குல்சார் தாராபுரம் பஸ் ஏறுவாள். இதெல்லாம் நாடகம் என்று போட்டு உடைத்தால் ஆர்டர் போகும், அதோடு பதினோரு அம்மாக்களின் வேலையும் போகும். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"இன்னைக்குத்தானுங்க வந்தேன்" என்றாள். லிங்கசாமியின் விரல்கள் மடங்கின. "நாளைக்கும் வருவேன். அதுக்கு மக்காநாளும் வருவேன். அந்தம்மா எப்ப வேணும்னாலும் சொல்லாமக்கொள்ளாம வந்து பாக்கலாம், நாங்க இங்கதான் இருப்போமுன்னு சொல்லுங்க தம்பி."

ஏஜென்ட் முதலாளியைப் பார்த்தான். முதலாளி பழனாத்தாளைப் பார்த்தார். வெள்ளைக்காரி மூவரையும் பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள், பையன் வேறு வழியில்லாமல் சொன்னான். அவள் ஆறுச்சாமியின் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை கேட்டாள்.

"நிஜமான்னு கேக்கறாங்க சார்."

ஆறுச்சாமி தூளிகளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "நிஜந்தான்" என்றார்.

சாயங்காலம் வேன் ஏறுகிற சமயம் லிங்கசாமி இரண்டு இனிப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தான். "அக்கா, பிரமாதமாச் சமாளிச்சுப்போட்டீங்க! ஆர்டர் ஓகே ஆயிருச்சு. நாளைக்கு நீங்க வர வேண்டியதில்லீங்க."

சமாளித்தாளாம்! இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டாள். "காலைல பாக்கலாமுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை வேன் வரவில்லை. பழனாத்தாள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னால் போக, பதினோரு அம்மாக்களும் ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் கன்னையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்று சலாம் வைத்து உள்ளே விட்டவளை இன்று எப்படித் தடுப்பது? விட்டுவிட்டான். அறைக்குப் போனால், பாதி உயரத்துக்குப் பெட்டி ஏறியிருந்தது. அம்மாக்கள் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்" என்ற பழனாத்தாள், பிள்ளைகளை நேராக மேனேஜர் அறையில் கொண்டுபோய் இறக்க வைத்துவிட்டு அவர்களை அனுப்பினாள். நல்ல வழவழப்பான தரை. பாயை விரித்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் பீரோ கைப்பிடியில் ஒரு முனையுமாக அக்பருக்குத் தூளி கட்டினாள். மற்ற கைக்குழந்தைகள் பாயில் கிடந்தன, நடக்கிறதுகள் மேசைக்கடியில் புகுந்து விளையாட ஆரம்பித்தன.

லிங்கசாமி ஒன்பது மணிக்கு வந்து கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டான். "அக்கா, என்னங்க இது!"

"காப்பகத்துல பொட்டி தூங்குதுங்க. அதை எழுப்ப வேண்டாமுன்னு இங்க வந்துட்டோம். உங்க ரூம்புல ஃபேனும் நல்லாச் சுத்துது."

அவன் கத்தினான். இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. அழுகைச் சத்தம் கேட்டு ஆறுச்சாமியே வந்துவிட்டார். மேசை மேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை ஒரு பிள்ளை தன் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. லிங்கசாமி மளமளவென்று முறையிட்டான். முதலாளி எல்லாவற்றையும் கேட்டார்.

"நேத்து மதியம் லேட்டா வந்த லேடீஸ் எத்தனை பேரு?" என்று கேட்டார்.

லிங்கசாமி யோசித்தான். "நேத்து... யாருமில்லீங்க."

"முந்தாநாளு?"

"அஞ்சாறு பேரு இருப்பாங்க."

ஆறுச்சாமி பழனாத்தாளைப் பார்த்தார். அவள் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. "நீங்க அந்தம்மாகிட்டச் சொன்ன வார்த்தைங்க. நானாச் சொல்லல" என்று மட்டும் சொன்னாள். பயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் தூளியை ஆட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"பொட்டிய எல்லாம் எடுத்து வெளிய அடுக்கு" என்றார் ஆறுச்சாமி.

"மழை வந்தா நனைஞ்சு போயிருமுங்களே!"

"நனைஞ்சா வேற பொட்டி வாங்கிக்கலாம். எடு."

இரண்டு பேர் பெட்டிகளைச் சுமந்து வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தபோதே பத்து மணி அடித்தது. குல்சார் வந்தாள். காப்பகத்தில் பாதி அறை காலியாகியிருந்தது, காலியான பக்கத்தில் பழனாத்தாள் பாய் போட்டு வைத்திருந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டவள், பெட்டி போவதையே பார்த்தாள்.

"அக்கா, இது நாளைக்கும் இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"சனிக்கிழமையோட நின்னுக்கறேன்னு நான் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப்போட்டேனேக்கா."

"போய் நிக்கலைன்னு சொல்லிட்டு வா" என்றாள் பழனாத்தாள். குல்சார் பதறிப்போய் எழப் பார்த்தாள். பழனாத்தாள் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். "இப்ப இல்ல கண்ணு. அவன் குடிச்சு முடிக்கட்டும்."